சன்னி ராலின்ஸை எந்தத் தட்டிலிருந்து கேட்கத் தொடங்குவது?

சன்னி ராலின்ஸ் என்ற டெனார் சாக்சஃபோன் கலைஞரைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, அவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று உட்காரும் ஒருவரை முதலில் மிரள வைப்பது பதிவுகளின் அளவுதான். 1949-இல், பதினெட்டு வயதில், ஒலிப்பதிவுக் கூடத்தில் முதன்முதலாக நின்றவர் 2012 வரை மேடையில் வாசித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய தலைமையில் வெளிவந்த தட்டுகள் மட்டுமே அறுபதைத் தாண்டும். இந்த அறுபது ஆண்டுகளில் அவருடைய நாதமும், வாசிப்பின் போக்கும், உடன் வாசித்தவர்களும், அவரே தம் வாசிப்பைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் பலமுறை மாறியிருக்கின்றன. ஆகவே கண்ணில் பட்டதைக் கேட்டுவிட்டு “இவர்தான் ராலின்ஸ்” என்றோ, “இவர் நமக்கு ஒத்துவர மாட்டார்” என்றோ முடிவு கட்டுவதில் பெரிய பிழை நேர வாய்ப்புண்டு.

ஒரே ஒரு தட்டு வாங்கப் பணம் இருக்கிறது, அல்லது ஒரே ஒரு ஆல்பத்தோடு ஒரு மாதத்தைக் கழிக்க மனம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எதை எடுப்பது என்பதே இங்குள்ள கேள்வி. நான்கு தட்டுகளை எடுத்துக்கொள்கிறேன்: இருபத்தைந்து வயதில் பதிவான ‘சாக்சஃபோன் கொலோசஸ்’ (1956), இருபத்தேழு வயதில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் பதிவான ‘எ நைட் அட் தி வில்லேஜ் வான்கார்டு’ (1957), முப்பத்தொரு வயதில் வந்த ‘தி பிரிட்ஜ்’ (1962), எழுபத்தொரு வயதில் பாஸ்டன் நகரில் வாசித்த ‘வித்தவுட் எ சாங்’ (2001-இல் பதிவு, 2005-இல் வெளியீடு). இந்தக் கட்டுரை யாருக்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். கர்நாடக இசையையோ திரையிசையையோ கேட்டு வளர்ந்து, ஜாஸ் இசையில் ஓரிரு துண்டுகளை மட்டும் கேட்டிருக்கும் தமிழ் வாசகரையே மனத்தில் வைத்திருக்கிறேன். நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு என் விடை பொருந்தாமல் போகலாம்.

நம்மில் பலருக்கு சாக்சஃபோன் என்றால் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ. கமகங்களுக்கு இடம் கொடுப்பதற்காகக் கருவியைத் தமக்குத் தக்கவாறு மாற்றியும் அமைத்துக்கொண்டார். ராலின்ஸும் சிறுவயதில் ஆல்டோவில்தான் தொடங்கினார். பிறகு, அதே ஹார்லெம் பகுதியில் வசித்த மூத்த கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் மீது கொண்ட பக்தியால் டெனாருக்கு மாறினார். டெனாரின் குரல் ஆல்டோவைவிடத் தாழ்ந்தது, தடித்தது, கொஞ்சம் கரகரப்பானது. கோபால்நாத்தின் வழுக்கலை எதிர்பார்த்துக் காதைத் திறந்தால் ராலின்ஸ் முதலில் முரடாகத்தான் படுவார். சுரங்களை இழைப்பதைவிட அவற்றை வெட்டி வெட்டி வைப்பதே இளமைக் காலத்தில் அவருடைய வழக்கம். ஒரு சுரத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு, அடுத்ததற்கு முன் அவர் விடும் இடைவெளியும் வாசிப்பின் ஒரு பகுதி என்பது பழகப் பழகத்தான் புரியும்.

பெரும்பாலோர் முதலில் பரிந்துரைப்பது ‘சாக்சஃபோன் கொலோசஸ்’. அதற்கு நியாயமும் இருக்கிறது. 1956 ஜூன் 22 அன்று, நியூஜெர்சியின் ஹாக்கன்சாக் என்ற ஊரில், ரூடி வான் கெல்டர் தம் பெற்றோரின் வீட்டுக் கூடத்தையே ஸ்டுடியோவாக்கி நடத்திவந்த இடத்தில், பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காக ஒரே நாளில் பதிவானது அது. பியானோவில் டாமி ஃபிளானகன், டபுள் பேஸ் என்ற பெரிய, தாழ்ந்த குரல் தந்திக் கருவியில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். ராலின்ஸ் அப்போது ரோச்சும் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்டு பிரவுனும் சேர்ந்து நடத்திய குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். இந்தப் பதிவு முடிந்த நான்காவது நாள், பிரவுனும் அக்குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் சாலை விபத்தில் இறந்தார்கள். அதை அறிந்தபின் இந்தத் தட்டில் ஏதோ துயரச் சாயலைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து நடக்கப்போவது அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியும்?

தட்டில் ஐந்தே உருப்படிகள். மொத்தம் சுமார் நாற்பது நிமிடம். முதல் உருப்படியான ‘செயின்ட் தாமஸ்’ ராலின்ஸின் தாய் அவருக்குச் சிறுவயதில் பாடிய கரீபியத் தீவுப் பாட்டொன்றின் மெட்டிலிருந்து எழுந்தது. அவருடைய பெற்றோரின் பூர்விகம் வர்ஜின் தீவுகள். ரோச் டிரம்ஸில் தனியாகத் தொடங்குகிறார். மெட்டு வருகிறது, யாரும் இரண்டாவது முறையே முணுமுணுக்கக்கூடிய மெட்டு. அதன் பிறகு ராலின்ஸ் கற்பனையில் இறங்கும்போது செய்வதைக் கவனிக்க வேண்டும். இரண்டே சுரங்களை எடுத்துக்கொள்கிறார். அவற்றை ஒருமுறை வைக்கிறார். கொஞ்சம் தள்ளி இன்னொருமுறை வைக்கிறார். தாளத்தின் வேறொரு முனையில் மறுபடி வைக்கிறார். வீட்டில் புதிதாக வாங்கிய நாற்காலியை எந்த மூலையில் போடலாம் என்று இழுத்து இழுத்துப் பார்ப்பவரைப் போன்ற அந்தத் தேடல், சற்று நேரத்தில் நீண்ட வாக்கியங்களாகப் பெருக்கெடுக்கிறது. நிரவலில் ஒரே வரியை வைத்துக்கொண்டு அதன் சொற்களைத் தாளத்துக்குள் இடம் மாற்றி மாற்றிப் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த உத்தி அந்நியமாக இருக்காது.

கடைசி உருப்படியான ‘ப்ளூ செவன்’ பதினொரு நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. வாட்கின்ஸின் டபுள் பேஸ் மட்டும் நடந்து வந்து இடத்தை அளக்க, ராலின்ஸ் ஒரு சிறிய, கோணலான தொடரை வைக்கிறார். எந்த ஆதார சுரத்தில் நிற்கிறது என்ற ஐயத்தை அது கிளப்பிவிட்டுப் போகிறது. தொடர்ந்து வருவதெல்லாம் அந்தத் தொடரின் துண்டுகளே. இந்த ஒரு பதிவை வைத்துக்கொண்டு கன்தர் ஷுல்லர் என்ற இசையமைப்பாளரும் விமர்சகரும் 1958-இல் ‘தி ஜாஸ் ரிவ்யூ’ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். ராலின்ஸ் வெறுமனே கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) மேல் ஓடுவதில்லை, எடுத்துக்கொண்ட கருவை விடாமல் வளர்க்கிறார், ஆகவே அவருடைய கற்பனைக்கு ஓர் ஆக்கத்தின் கட்டுக்கோப்பு இருக்கிறது என்பது அதன் சாரம். தம்மை அறியாமல் செய்துவந்ததை ஒருவர் படம் வரைந்து பாகம் குறித்துக் காட்டியது ராலின்ஸுக்குச் சங்கடமாகவே இருந்தது. ஆனாலும் அக்கட்டுரை இந்தத் தட்டுக்கு ஒரு பாடநூலின் தகுதியைக் கொடுத்துவிட்டது; 2016-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இது இடம் பெற்றது.

இத்தனை சிறப்புகள் இருந்தும் முதல் தட்டாக இதைக் கொடுக்க எனக்குள்ள தயக்கம் பியானோவைப் பற்றியது. ஃபிளானகன் நாசூக்கான கலைஞர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கும் கார்டுகளால் பியானோ பாட்டின் கீழ் ஒரு தரையை விரித்துக்கொண்டே போகிறது. அந்தத் தரை சில தாளங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. சாக்சஃபோன் சொல்வதில் பாதி அந்த மாற்றங்களுக்கு அவர் கொடுக்கும் பதில். ஒற்றை இழையாக ஓடும் ராகத்தைச் சுருதியின் மேல் நிறுத்திக் கேட்டே பழகியவருக்கு இந்த உரையாடலில் ஒரு பக்கம்தான் முதலில் காதில் விழும். மறுபக்கம் இனிய சத்தமாக மட்டும் நின்றுவிடும். தட்டு பிடித்துப்போகும், ஆனால் ஏன் பிடித்தது என்று தெரியாது. ‘ஸ்ட்ரோட் ரோடு’ என்ற மூன்றாவது உருப்படியில் ஓரிடத்தில் பியானோவும் டிரம்ஸும் ஒதுங்கிக்கொள்ள, சாக்சஃபோனும் டபுள் பேஸும் மட்டும் சிறிது தூரம் நடக்கின்றன. அந்த இடத்தில் காற்றோட்டம் கூடுவது போன்ற ஓர் உணர்வு வரும். அடுத்த ஆண்டில் ராலின்ஸ் எங்கே போகப்போகிறார் என்பதற்கான குறிப்பும் அதுவே.

1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில், கலைஞர்கள் மூவருக்கும் வேறு வேலைகள் இருந்ததால் அதிகாலை 3 மணிக்குத் தொடங்கிய ‘வே அவுட் வெஸ்ட்’ பதிவில், பியானோவை அவர் முழுவதுமாக விலக்கினார். அதே ஆண்டு நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, அதே துணிச்சலை நியூயார்க்கில் ரசிகர்களின் முன் வைத்தார். வில்லேஜ் வான்கார்டு என்பது கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஏழாவது அவென்யூவில், படியிறங்கிப் போக வேண்டிய ஒரு நிலவறை; 1935-இலிருந்து இன்றுவரை அதே இடத்தில் நடந்துவருகிறது. அங்கே நேரடியாகப் பதிவாகி வெளிவந்த முதல் தட்டு இதுதான். பிற்பகல் நிகழ்ச்சியில் டொனால்டு பெய்லியும் பீட் லா ரோக்காவும், மாலையில் டபுள் பேஸில் வில்பர் வேரும் டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸும் உடன் வாசித்தார்கள். பதிவு செய்தவர் இங்கும் வான் கெல்டர். நிறுவனம் ப்ளூ நோட்.

பியானோ இல்லாமல் போனதும் ஏற்படும் மாற்றத்தை எழுத்தில் விளக்குவதைவிட எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்வது எளிது. என் தாய்மாமா ஒருவர் இளமையில் நாலைந்து வருடம் மிருதங்கம் கற்றவர். கச்சேரியில் பாடகரைவிடத் தனி ஆவர்த்தனத்துக்காகக் காத்திருப்பவர். அவருக்கு முதலில் ‘செயின்ட் தாமஸ்’ போட்டேன். “நன்னா இருக்கு” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைக் கையில் எடுத்தார். அடுத்த முறை அவர் வந்தபோது, எதுவும் சொல்லாமல், வான்கார்டு தட்டிலிருந்து ‘சன்னிமூன் ஃபார் டூ’வை ஓடவிட்டேன். மேலிருந்து கீழே சரியும் ஒரு சின்னச் சொற்றொடர். அதையே மூன்று முறை வாசித்தால் பல்லவி முடிந்துவிடும். மாமாவின் வலக்கை தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தது. சாக்சஃபோன் பறக்கத் தொடங்கியதும் இரண்டு இடங்களில் கை நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்றாவது சுற்று முடிகிறபோது என்னைப் பார்த்து, “ஆறு ஆவர்த்தனத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்துடறான்டா!” என்றார்.

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. ‘சன்னிமூன்’ அமைந்திருக்கும் ப்ளூஸ் என்ற வடிவம் நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு அலகுகளால் ஆனது, மொத்தம் 48, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். அதே தட்டிலுள்ள ‘சாஃப்ட்லி, ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்’ போன்ற 32 அலகுப் பாட்டுகள் 128 எண்ணிக்கை, அதாவது பதினாறு ஆவர்த்தனம். ஜாஸ் கலைஞர் எவ்வளவு தூரம் போனாலும் மனத்துக்குள் இந்தச் சுற்றை இழக்காமல் வைத்திருக்கிறார். உடன் வாசிப்பவர்களும் அப்படியே. பியானோ இருந்தால் சுற்றின் ஒவ்வொரு வளைவையும் அது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். இங்கே சொல்ல ஆளில்லை. கீழே டபுள் பேஸ் தாழ்ந்த குரலில் வழி காட்டுகிறது, பக்கத்தில் டிரம்ஸ் சீண்டுகிறது, நடுவில் ஒற்றைக் குரல் போகிறது. பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே நடக்கும் ஊடாட்டத்தைப் பிடிக்கத் தெரிந்த காதுக்கு இந்த அமைப்பில் நுழைய வாசல் திறந்தே இருக்கிறது. இதனால் ஜாஸும் ராக இசையும் ஒன்றுதான் என்று யாராவது கிளம்பினால் நான் உடன்பட மாட்டேன். பியானோ எழுந்து போனாலும் கார்டுகள் போய்விடுவதில்லை. ராலின்ஸ் அவற்றைத் தம் ஒற்றை இழைக்குள்ளேயே கோடிகாட்டிக்கொண்டு போகிறார். வாசல் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் வீடும் ஒன்றாகிவிடாது.

எல்வின் ஜோன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. பின்னாளில் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் அவர் பெற்ற புகழ் வரவிருந்தது. இந்த மாலையில் அவர் இன்னும் பரவலாக அறியப்படாத டிரம்ஸ் கலைஞர். ராலின்ஸ் ஒரு தொடரை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் ஜோன்ஸ் உள்ளே புகுந்து அடுத்த பேச்சைத் தொடக்கிவிடுகிறார். அதைக் கேட்டுக்கொண்டே ராலின்ஸ் தாம் சொல்ல வந்ததை மாற்றிக்கொள்கிறார். வில்பர் வேர் இந்த இருவருக்கும் நடுவில் குறைந்த சுரங்களோடு, எங்கே அடி வைத்தால் தரை அதிராது என்று பார்த்து நடப்பவரைப் போல நடக்கிறார். ஸ்டுடியோவில் இத்தகைய விளைவு கிடைப்பது அரிது; கிடைத்தாலும் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இந்தத் தட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். அறை சிறியது, ஒலி வறண்டது, பார்வையாளர்களின் சலசலப்பு கேட்கும், மெல்லிய உருப்படி என்று பார்த்தால் ‘ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்’ ஒன்றுதான் மனத்தை ஆற்றும். வாங்கும்போது இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. 1957-இல் பதிவானவற்றிலிருந்து முதல் தட்டுக்கு ஆறு உருப்படிகளையே தேர்ந்தெடுத்தார்கள். மீதம் பின்னர் வெவ்வேறு காலங்களில் வெளிவந்து, இப்போது அன்றைய பதிவுகளின் முழுத் தொகுப்பாகவும் கிடைக்கிறது. புதியவருக்கு முழுத் தொகுப்பு வேண்டாம் என்பேன். விருந்தில் முதல் பந்தியிலேயே எல்லாப் பாயசத்தையும் இலையில் விட்டுக்கொண்ட கதையாகிவிடும். அந்த ஆறு உருப்படிகளின் பழைய வரிசையே போதும். முழுத் தொகுப்பை வாங்கிவிட்டவர்களும் முதலில் அந்த ஆறை மட்டும் கேட்கலாம்.

மூன்றாவதான ‘தி பிரிட்ஜ்’ தட்டுக்கு முன்னால் ஒரு கதை நிற்கிறது. பல சமயம் அந்தக் கதை தட்டையே மறைத்துவிடுகிறது. 1959 கோடையில், புகழின் உச்சியில், ராலின்ஸ் மேடையிலிருந்து விலகினார். தம்மைப் பற்றிப் பிறர் சொல்லும் அளவுக்குத் தாம் வாசிக்கவில்லை என்ற எண்ணம் அவரை வாட்டியது. மன்ஹாட்டனின் கிராண்ட் தெருவில் அவர் குடியிருந்த கட்டடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கருவுற்றிருந்தார். அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று, கிழக்கு ஆற்றைக் கடக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குக் கருவியோடு போனார். ஒரு பக்கம் ரயில், கீழே கார்கள், அதற்கும் கீழே படகுகள். எவ்வளவு உரக்க ஊதினாலும் கேட்க ஆளில்லை. வெயிலிலும் பனியிலும், நாளுக்குப் பதினைந்து மணி நேரம்கூட, அங்கே சாதகம் செய்தார். 1961 இறுதியில் திரும்பி வந்தார். ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக 1962 ஜனவரி, பிப்ரவரியில் பதிவான தட்டுக்குப் பாலத்தின் பெயரையே வைத்தார்கள்.

அவர் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில் ஜாஸ் உலகம் தலைகீழாகப் புரண்டிருந்தது. ஆல்டோ கலைஞர் ஆர்னெட் கோல்மன் கார்டுகளின் கட்டுப்பாட்டையே உதறியிருந்தார். கோல்ட்ரேன் வேறு திசையில் வெகுதூரம் போயிருந்தார். பாலத்திலிருந்து இறங்கி வருபவர் ஏதோ புரட்சியோடு வருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டு ஏமாற்றமாக இருந்தது. பழைய பாட்டுகள், பழைய வடிவங்கள், பியானோவின் இடத்தில் ஜிம் ஹாலின் கிட்டார். இன்று கேட்கும்போது அந்த ஏமாற்றத்தை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. ஹால் கார்டுகளைக் கொட்டுவதில்லை. ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். பாப் கிரான்ஷாவின் டபுள் பேஸும் பெரும்பாலான உருப்படிகளில் பென் ரைலியின் டிரம்ஸும் சத்தமில்லாமல் தோள் கொடுக்கின்றன. ராலின்ஸின் நாதம் 1956-ஐவிட உருண்டு திரண்டிருக்கிறது. கரகரப்பு குறைந்து வழவழப்பு கூடியிருக்கிறது. பில்லி ஹாலிடேயின் பாட்டாக அறியப்பட்ட ‘காட் பிளெஸ் தி சைல்டு’ உருப்படியில் சாக்சஃபோனும் கிட்டாரும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்பதைக் கேட்டால், இரண்டு ஆண்டுச் சாதகம் எங்கே போயிற்று என்ற கேள்வியே எழாது. வேகத்துக்கும் வித்தைக்கும் அது செலவாகவில்லை. எப்போது பேசாமல் இருப்பது என்பதற்குச் செலவாகியிருக்கிறது.

இருந்தும் இதை முதலாவதாக வைக்க மாட்டேன். கதையைத் தெரிந்துகொண்டு கேட்பவர்கள் ஒவ்வொரு சுரத்திலும் பாலத்தைத் தேடுகிறார்கள். கதை தெரியாமல் கேட்பவர்களுக்கு இது இரவு உணவுக்குப் பின்னணியில் ஓடவிடத் தக்க இதமான இசையாகத் தோன்றிவிடும் ஆபத்து இருக்கிறது. வான்கார்டின் முரட்டுத்தனத்தை அறிந்தவருக்கே இந்த அடக்கத்தின் விலை தெரியும். ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லலாம்: டிரம்ஸ் சத்தம் சற்றுக் கூடினாலே தலைவலி வரும் என்பவர்களும், கிட்டாரின் மீது தனிப்பிரியம் உள்ளவர்களும் இதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. நான்கில் ஸ்டுடியோ ஒலியின் விரிவும் தெளிவும் இதில்தான் அதிகம்.

இதற்குப் பிறகான நாற்பது ஆண்டுகளை நான் விரைவாகக் கடப்பதற்குக் காரணம் உண்டு. 1962 கோடையில் டிரம்பெட் கலைஞர் டான் செர்ரியோடு வாசித்து, விமர்சகர்கள் எதிர்பார்த்த புரட்சியையும் அவர் செய்து காட்டினார். 1966-இன் ‘ஈஸ்ட் பிராட்வே ரன் டவுன்’ தட்டில் கருவியிலிருந்து வாய்முனையைக் கழற்றி அதை மட்டும் ஊதினார். அறுபதுகளின் பிற்பகுதியில் இந்தியா வந்து, பம்பாய்க்கு அருகே பொவாயில் உள்ள ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தார். மீண்டும் ஓர் ஒதுக்கத்துக்குப் பின் 1972-இல் மைல்ஸ்டோன் நிறுவனத்துக்காக ‘நெக்ஸ்ட் ஆல்பம்’ வந்தது. அதன் பின் வந்த ஸ்டுடியோத் தட்டுகள் பலவற்றில் மின் பேஸ், மின் பியானோ, நடனத் தாளங்கள் எல்லாம் சேர்ந்தன. இவற்றில் நல்ல உருப்படிகள் இருக்கின்றன. முழுத் தட்டாக முதலில் கொடுக்கத் தக்கது என்று எனக்கு ஒன்றும் படவில்லை. அதே ஆண்டுகளில் மேடையில் அவரைக் கேட்டவர்கள் வேறு மனிதரைக் கண்டதாகச் சொன்னார்கள். 1986-இல் நியூயார்க் மாநிலத்தின் சாகர்டீஸ் என்ற இடத்தில், திறந்தவெளி நிகழ்ச்சியின் நடுவே, கல் மேடையிலிருந்து கீழே குதித்துக் குதிகாலை முறித்துக்கொண்டவர், மல்லாந்து படுத்தபடியே வாசிப்பைத் தொடர்ந்தார். அந்தக் காட்சி ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. ஸ்டுடியோவில் கட்டிப்போட்டால் இப்படிப்பட்டவர் பாதியாகத்தான் கிடைப்பார் என்பதில் வியப்பில்லை.

அந்த மேடை மனிதரைப் பிடித்துவைத்திருப்பது நான்காவது தட்டு. 2001 செப்டம்பர் 11 அன்று ராலின்ஸ் உலக வர்த்தக மையத்திலிருந்து சில தெருக்களே தள்ளியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். சாக்சஃபோனை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர், பாஸ்டன் நிகழ்ச்சியை ரத்து செய்யவே நினைத்தார். மனைவி லூசில் வற்புறுத்தியதால் 15-ஆம் தேதி பெர்க்லி அரங்கில் வாசித்தார். இந்த நிகழ்ச்சி கிடைத்ததே ஒரு ரசிகரால்தான். அவர் அரங்குக்குள் கொண்டுபோன பதிவுக் கருவியில் பிடித்தது பின்னர் தட்டாயிற்று. இதில் வரும் ‘வை வாஸ் ஐ பார்ன்?’ வாசிப்புக்கு கிராமி விருதும் கிடைத்தது.

இங்கே கேட்கும் ராலின்ஸின் நாதம் அகன்றது, சற்று உறுமுவது. கருவியின் வாயிலேயே பொருத்திய மைக்கின் வழியே வருவதால் நெருக்கமாகவும் கூர்மையாகவும் ஒலிக்கிறது. 1956-இன் கட்டுக்கோப்பை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு பாட்டின் நடுவே இன்னொரு பாட்டின் அடி வந்து போகிறது. சொன்னதையே பத்து முறை சொல்லி, பதினோராவது முறை அதை வேறொன்றாக்குகிறார். முடிக்கலாம் என்று நாம் நினைக்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் போகிறார். வயதான வித்வான் ஒருவர் கச்சேரியின் பிற்பகுதியில், இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிலையில், தமக்குத் தோன்றியதையெல்லாம் பாடிக்கொண்டே போகும் சுகம் இதில் இருக்கிறது. ஆனால் வித்வானின் அந்தச் சுகத்தை அனுபவிக்க அவருடைய நடுவயதுக் கச்சேரிகள் நம் நினைவில் இருக்க வேண்டும். மேலும், குழுவின் மற்றவர்களின் வாசிப்பு ராலின்ஸின் உயரத்துக்கு எப்போதும் எட்டுவதில்லை. அவர் வாய் எடுத்ததும் கவனம் தளர்கிறது. ஆகவே இதைக் கடைசியில் வைக்கிறேன், தரத்தால் அன்று, வரிசையால்.

என் பரிந்துரை, ஆக, வான்கார்டு. அடுத்து ‘கொலோசஸ்’, பியானோவின் பேச்சு அப்போது முன்னைவிடத் தெளிவாகக் காதில் விழும். மூன்றாவது ‘பிரிட்ஜ்’, நான்காவது பாஸ்டன். வான்கார்டைக் கேட்கும்போது கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மட்டும் கேட்க வேண்டாம். வில்பர் வேரின் டபுள் பேஸ் அதில் அடியோடு காணாமல் போய்விடும், அது போனால் சுற்று எங்கே தொடங்குகிறது என்பதும் போய்விடும். சாதாரண இயர்ஃபோனாக இருந்தாலும் போதும்.

நான்கையும் முடித்தவர்களுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று சொல்கிறேன். 2010 செப்டம்பர் 10 அன்று, எண்பதாவது பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள், நியூயார்க்கின் பீக்கன் அரங்கில் ராலின்ஸ் மறுபடி ‘சன்னிமூன் ஃபார் டூ’வை வாசித்தார். மறுபடி பியானோ இல்லை. டபுள் பேஸில் கிறிஸ்டியன் மெக்பிரைடு, டிரம்ஸில் எண்பத்தைந்து வயது ராய் ஹெய்ன்ஸ். இருபது நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பதிவு ‘ரோடு ஷோஸ்’ வரிசையின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. நடுவில், அறிவிப்பில் இல்லாத விருந்தாளியாக, ஆர்னெட் கோல்மன் தம் ஆல்டோவுடன் மேடைக்கு வருகிறார். மாமாவுக்கு இதையும் போட்டுக் காட்டினேன். சரியும் அந்தச் சொற்றொடரைக் கேட்டதும் பழைய சிநேகிதரைத் தெருவில் கண்டவர் போலக் கையைத் தொடையில் வைத்தார். ஆறு ஆறாக எண்ணிக்கொண்டே வந்தார். கோல்மன் நுழைந்து, ஆறுக்கும் எட்டுக்கும் கட்டுப்படாத ஏதோ ஒன்றைத் தம் போக்கில் வாசிக்கத் தொடங்கியதும் கை நின்றது. இம்முறை அதை மறுபடி பிடிக்க அவர் முயலவில்லை, “இரு, இவர் யாரு?” என்று கேட்டார்.